காய் நகர வேண்டுமானால் சொல் தெரிய வேண்டும்

ஆங்கிலத் தேர்வு எழுதப்போகும் சிறு பிள்ளையை விளையாட்டின் வழியே ஆயத்தப்படுத்துவது என்றால், பாடம் முடிந்தபின் களைப்புத் தீர ஐந்து நிமிடம் ஆடவிடுவது அல்ல. கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதும் அல்ல. தேர்வுத்தாள் பிள்ளையிடம் எந்த வேலையைக் கேட்கிறதோ, அந்த வேலையையே ஆட்டத்தின் விதியாக வைப்பது. சொன்ன ஆங்கிலம் புரிந்தால் காய் நகரும், புரியாவிட்டால் நகராது. இந்த விதி உள்ள ஆட்டம் படிப்பு. இல்லாத ஆட்டம் வெறும் ஆரவாரம்.

ஆரவாரத்துக்குச் சாட்சி வெளியூரில் தேட வேண்டியதில்லை, கொல்கத்தாவிலேயே இருக்கிறது. ஜொராசாங்கோ வீட்டில் 1861-இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர், தாம் நார்மல் ஸ்கூலில் படித்த நாட்களைத் தம் நினைவுநூலான ஜீவன்ஸ்மிருதியில் எழுதியிருக்கிறார். வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் உற்சாகம் சேரட்டும் என்ற நல்லெண்ணம்தான். பாட்டு ஆங்கிலம், மெட்டும் அந்நியம், ஒரு சொல்கூட எந்தப் பிள்ளைக்கும் புரியவில்லை. வாய்க்கு வந்தபடி தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அது எந்த மொழியிலும் சேராத மந்திரமாகிவிட்டது. பெரியவரான பின் யோசித்துப் பார்த்தும், அதில் ஒரு பகுதியைத்தான் அவரால் அடையாளம் காண முடிந்தது. நூற்றைம்பது ஆண்டு கடந்துவிட்டது. மழலையர் பள்ளி ஆண்டுவிழா மேடைகளில் அந்த மந்திரம் இன்னும் ஓயவில்லை. கீழே பெற்றோர் கைதட்டுகிறார்கள்.

அதே ரவிக்கு மாலையில் வீட்டில் ஆங்கில ஆசிரியர் வருவார். பாடம், பியாரி சரண் சர்க்கார் 1850-இல் வெளியிட்ட ஆங்கில முதல் வாசகம். வித்யாசாகரின் வங்காள அரிச்சுவடியான வர்ணபரிசயத்துக்கு ஐந்து ஆண்டு மூத்த புத்தகம் அது. வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலத்தின் வாசற்படியாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதைத் திறந்ததும் ரவிக்குக் கொட்டாவி வரும், பிறகு கண் சொக்கும். ஆனால் அதே சிறுவன் பகலில் வராந்தாவின் மரக்கம்பிகளை மாணவர்களாக்கி, கையில் பிரம்போடு ஆசிரியராக உட்கார்ந்து பாடம் நடத்துவான். அந்த வகுப்பில் அவனுக்குத் தூக்கம் வந்ததாக எங்கும் எழுதவில்லை.

பிற்காலத்தில் சாந்திநிகேதனில் பள்ளி நடத்தியபோது, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அவரே புத்தகங்கள் எழுதினார். அவற்றுள் 1909-இல் வந்த இங்ரேஜி ஸ்ருதிசிக்ஷா இங்கே கவனிக்கத்தக்கது. எழுத்தைக் காட்டுமுன் காதைப் பழக்குவது அதன் முறை. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவுவார், பிள்ளை செய்து காட்டும்: வா, உட்கார், புத்தகத்தை எடு. பிறகு, என்ன செய்தாய் என்று கேட்டால் அதே சொற்களில் பதில் வரும். இதே வழியை 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். இன்று ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அந்த அமெரிக்கப் பெயர்தான் ஒலிக்கிறது. வீட்டுப் பிள்ளையை மறந்துவிட்டு விருந்தாளிக்கு மாலை போடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

இடையில் ஒரு அரசியல் கதையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசு, தன் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டது. ஆறாம் வகுப்பில்தான் பிள்ளை அந்த மொழியைத் தொடும். 1998-இல் பவித்ர சர்க்கார் குழு அமைந்தது. ஆங்கிலம் படிப்படியாகத் திரும்பி, 2004-இல் முதல் வகுப்புக்கே வந்தது. தாய்மொழியில் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வசதியுள்ள வீடுகள் தனியார் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஓடின. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் என்றாலே தேர்வு, தேர்வு என்றாலே பயம் என்றாயிற்று. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை.

பயமுறுத்தாத தேர்வும் உண்டு. சிறுவர்க்கான கேம்பிரிட்ஜ் தேர்வுகள் 1997-இல் தொடங்கியவை: ஸ்டார்ட்டர்ஸ், மூவர்ஸ், ஃப்ளையர்ஸ் என்று மூன்று படி. தோல்வி என்ற சொல்லே அங்கு இல்லை. கேட்டல், படித்தல்-எழுதுதல், பேசுதல் என்ற மூன்று பகுதிக்கும் ஐந்து ஐந்தாக, மொத்தம் 15 கேடயச் சின்னங்கள். எழுதிய பிள்ளைக்கெல்லாம் சான்றிதழ். இந்தத் தாள்களைப் பிரித்துப் பார்த்தால், பாதிக்குமேல் விளையாட்டாகவே இருக்கிறது. ஸ்டார்ட்டர்ஸ் பேச்சுத் தேர்வில், பிள்ளையின் முன் ஒரு பெரிய படமும் சில சிறு அட்டைகளும் வைக்கப்படும். இந்த அட்டையை மரத்தடியில் வை, அதை நாற்காலிமேல் வை என்று தேர்வாளர் சொல்வார். தாகூரின் ஸ்ருதிசிக்ஷாவை ஒரு மேசைக்குள் சுருக்கினால் இதுதான் வரும். கேட்டல் தாளில், சொன்ன பொருளுக்குச் சொன்ன நிறத்தைத் தீட்ட வேண்டும். மூவர்ஸில் நான்கு படங்களில் சேராத ஒன்றைச் சுட்டிக் காரணம் சொல்ல வேண்டும். ஃப்ளையர்ஸிலோ, தேர்வாளர் கையில் ஒரு படம், பிள்ளை கையில் ஒரு படம், கண்டுபிடிக்க வேண்டியவை ஆறு வித்தியாசங்கள்! தமிழ் வார இதழ்களில் காலங்காலமாகத் தாத்தாவும் பேரனும் தலையை முட்டிக்கொண்டு பார்த்த அதே ஆறு. பழைய இதழ் ஒன்றை எடுத்து, வித்தியாசங்களை ஆங்கிலத்தில் சொல்லவைத்தால் பயிற்சி முடிந்தது. வட்டம் போடுவது மட்டும் செல்லாது. வாய் திறந்து முழு வாக்கியமாகச் சொன்னால்தான் கணக்கு.

வாயைப் பற்றிச் சொல்லும்போது, கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளையின் தனிச் சிக்கலைத் தாண்டிப் போக முடியாது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், தொலைக்காட்சியில் இந்தி. ஆங்கிலம் அவனுக்கு நாலாவது. பேரிக்காயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் கரடியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேர்' என்றே நிற்கும். எழுத்தில் இல்லாத வேறுபாடு காதிலும் தப்பிவிடுகிறது. பக்கத்துப் பெஞ்சு வங்காளிப் பிள்ளைக்குச் சிக்கல் வேறு: கடலும் அவளும் அவன் வாயில் ஒரே 'ஷீ'. இதற்கு இலக்கணம் சொல்லிப் பயனில்லை. ஒரு சுவரில் கரடிப் படம், எதிர்ச் சுவரில் பேரிக்காய்ப் படம். ஆசிரியர் சொல்லைச் சொன்னதும் சரியான சுவருக்கு ஓட வேண்டும். அறுபது பேர் அடைந்த வகுப்பில் ஓட இடமில்லை என்றால் இடக்கை, வலக்கை உயர்த்தினாலும் ஆட்டம் நடக்கும். பிறகு பிள்ளையே சொல்பவனாக வேண்டும். தான் சொன்னதைக் கேட்டு வகுப்பு முழுதும் தவறான சுவருக்கு ஓடும்போது, தன் உச்சரிப்பில் எங்கே பிழை என்பது யாரும் திருத்தாமலே அவனுக்குத் தெரிந்துவிடும்.

சொல்வளத்துக்கு வருவோம். சத்யஜித் ராய் 1970-இல் எடுத்த ஆரண்யேர் தின் ராத்ரி படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஞாபக விளையாட்டு மறக்காது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஒரு பெயர் சொல்ல, அடுத்தவர் அதைச் சொல்லித் தன் பெயரையும் சேர்க்க, ரவீந்திரநாத், கார்ல் மார்க்ஸ், கிளியோபாத்ரா என்று சங்கிலி நீளும். வகுப்பறையில் அதை மாற்றிக்கொள்ளலாம்: கரியாஹாட் கடைவீதிக்குப் போனேன், ஒரு குடை வாங்கினேன், ஒரு குடையும் ஒரு ஆரஞ்சும் வாங்கினேன். ஆங்கிலத்தில் இது பத்துப் பேரைச் சுற்றி வருவதற்குள், 'வாங்கு' என்பதன் இறந்தகால வடிவம் பத்து முறை வாயில் புரண்டுவிடும். எந்தப் பொருளுக்கு முன் 'அ', எதற்கு முன் 'ஆன்' என்பதும் கூடவே வரும். பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பதைவிட, பாராமல் நினைவிலிருந்து இழுத்து எடுத்தால் சொல் நன்றாகத் தங்குகிறது. அந்தாதி தொடுத்துப் பாட்டை மனத்தில் நிறுத்திய மொழிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டமும் அந்தாதியே. எழுத்துக்கூட்டலுக்கு அதைவிட நல்ல பயிற்சி குறைவு.

பிழை நுழையும் இடம் ஒன்று உண்டு. ராயின் படத்தில் மறந்தவர் ஆட்டத்திலிருந்து விலகுகிறார். உல்லாசப் பயணம் வந்த பெரியவர்களுக்கு அது பொருந்தும். வகுப்பில் அதே விதியை வைத்தால், முதல் சுற்றிலேயே வெளியேறி மூலையில் உட்காருவது யார்? எவனுக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவன். நன்றாகத் தெரிந்தவன் கடைசிவரை ஆடி மேலும் தேறுகிறான். ஆகவே தோற்றவனை வெளியேற்றக் கூடாது. சொல்லை அழைப்பவனாகவோ நடுவனாகவோ அவனை மாற்ற வேண்டும். நடுவன் எல்லாச் சொல்லையும் கேட்டாக வேண்டும் அல்லவா? கைபேசிச் செயலிகளிலும் குறை உண்டு. பல செயலிகளில் புள்ளிகள் குவிகின்றன, நட்சத்திரம் மின்னுகிறது. ஆடுவது விரல் மட்டும், வாய் திறப்பதே இல்லை.

விளையாட்டுக்கு எல்லையும் உண்டு. மேற்கு வங்கத்தின் பத்தாம் வகுப்பு மாத்யமிக் ஆங்கிலத் தேர்வில் 100-க்கு 90 மதிப்பெண் எழுத்துத் தாளுக்கே. பத்தி எழுதுவதும், கடிதம் எழுதுவதும், மூன்று மணிநேரம் ஓரிடத்தில் உட்கார்வதும் தாயக்கட்டையால் வராது. எட்டு வயதில் ஆட்டம் முக்கால், எழுத்து கால் என்று தொடங்கி, வயது ஏற ஏற அளவைத் திருப்புவதே முறை. எந்த வயதானாலும் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் உண்மையான தாளைக் கடிகாரம் வைத்து எழுதவைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆடிக்கொண்டே இருப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது.

செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலேஜ் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த படப்புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றிலிருந்து வெட்டிய படங்களை ஒட்ட நல்ல கெட்டி அட்டை வேண்டும். அது தமிழ் வீடுகளின் அலமாரிகளில் கட்டுக்கட்டாகத் தூங்குகிறது. அவையில் இருப்பவர்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எறியாமல், பக்கத்திலுள்ள பள்ளியிலோ தமிழ் அமைப்பிலோ கொடுத்துவிடுங்கள். கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணிநேரத்தையும் கொடுங்கள்.