சுவர் மூடுமுன் கேபிளை யோசியுங்கள்



இந்த மாதம் வீடு வாங்குவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் வங்கி வட்டியையோ நொத்தேர் செலவையோ பற்றி அல்ல. சுவருக்குள் ஓடும் கேபிள்களைப் பற்றி. கணக்காளருக்குக் கேபிளில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் குடும்பங்களில் பெரும்பாலானோருக்கு வீடு என்பது வாழ்நாளில் ஒரேயொரு தடவை செய்யும் பெருஞ்செலவு. 20, 25 வருடக் கடன். கட்டும்போது சிறு தொகையோடு முடியும் வேலையை, குடிபுகுந்த பிறகு சுவரை உடைத்துச் செய்தால் அது பெருந்தொகையாகிவிடும். இதுவும் ஒரு கணக்குத்தானே.

எங்கள் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்காத 90களில் லா சப்பலில் ரெலிபோன் காட் வாங்கி, கொழும்பில் இருக்கும் உறவினரைப் பிடித்து, ஊருக்குச் செய்தி சொல்லிவிட்டவர்கள் நாங்கள். பிறகு வீட்டுக்கு ஒரு ரெலிபோன் வந்தது. அதற்கு ஹோலில் ஒரு பிறிஸ் போதுமாக இருந்தது. அதன்பின் தமிழ் நிகழ்ச்சி பார்க்க பால்கனியில் டிஷ் அன்ரனா பூட்டினோம்.

இன்றைய வீடு அப்படியில்லை. ஒரே மாலை நேரத்தில் மகள் லிசே பாடத்தைக் கணினியில் செய்கிறாள், மகன் இணையத்தில் விளையாடுகிறான், அம்மம்மா கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையோடு வீடியோவில் கதைக்கிறா, ஹோலில் ரி.வி ஓடுகிறது. 2020 மார்ச் 16ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டு, மறுநாள் வீட்டடங்கு தொடங்கியபோது என்ன நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். வைபை எட்டும் மூலையைத் தேடிப் பிள்ளைகள் குசினியிலும் நடைவழியிலும் இருந்து படித்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் பாடசாலை வேலையும், காஃப் விண்ணப்பமும், பிரெபெக்சர் சந்திப்பு நேரமும் இணையத்தில்தான் நடக்கின்றன.

இனி விடயத்துக்கு வருவோம். பிரான்சில் வீட்டு மின் வேலைக்கு 'என்எஃப் சி 15-100' என்றொரு விதிமுறை இருக்கிறது. பழைய 'T' வடிவ ரெலிபோன் பிறிசுக்குப் பதிலாகப் புதிய வீடுகளில் ஆர்.ஜே.45 என்னும் பிறிஸ் வேண்டும் என்பது 2008இலிருந்து நடைமுறை. ரெலிபோன், இணையம், ரி.வி மூன்றும் அந்த ஒரே பிறிசில் வரக்கூடியவை. 2016இல் வந்த அரச ஆணை இதை இன்னும் தெளிவாக்கியது. ஓர் அறை வீட்டுக்குக் குறைந்தது 2, இரண்டு அறைக்கு 3, மூன்று அறைக்கும் அதற்கு மேலும் 4 பிறிஸ்கள் வேண்டும். ஹோலில் ரி.வி வைக்கும் இடத்தில் இரண்டு பக்கத்துப் பக்கமாக இருக்க வேண்டும்.

இது குறைந்தபட்சம்தான். ஐந்து அறை வீட்டுக்கும் அதே நான்குதான் என்பதைக் கவனியுங்கள். நான்காவது படுக்கையறையில் படிக்கப்போகும் பிள்ளைக்குப் பிறிஸ் வேண்டுமென்றால் அதை நாங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேபிள்கள் எங்கிருந்து புறப்படுகின்றன? வாசலுக்குப் பக்கத்தில், மின்சார மீற்றர் இருக்கும் அலுமாரிக்குள் ஒரு தொடர்புப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு பிறிசுக்கும் அங்கிருந்து தனித்தனிக் கேபிள் போக வேண்டும். பழைய ரெலிபோன் போல ஒரு பிறிசிலிருந்து அடுத்த பிறிசுக்குத் தொடுத்துக்கொண்டு போகக்கூடாது. தனித்தனியாகப் போனால் ஒன்று பழுதானாலும் மற்றவை வேலை செய்யும். கேபிளில் 'கிராட் 2 ரி.வி', 'கிராட் 3 ரி.வி' என்று தரம் உண்டு. முதலாவது குறைந்தபட்சம், இரண்டாவது அதைவிட உயர்ந்த தரம். நீளம் 100 மீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பதில் சாதாரண வீட்டில் கவலையில்லை. ஆனால் மின்சார வயரோடு ஒரே குழாயில் விடக்கூடாது.

ஃபைபர் கேபிளும் பெரும்பாலும் அதே பெட்டிக்குள்தான் வந்து முடியும். எங்கள் ஆட்கள் அதிகம் அவதிப்படுவது இங்கேதான். பொக்ஸை அந்த அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். இரும்புப் பெட்டியும் கொங்கிறீற் சுவரும் வைபையை மறித்துவிடும், கடைசி அறைக்கு ஒன்றும் போய்ச்சேராது. இதற்குத்தான் ஹோலில் இரண்டு பிறிஸ். ஃபைபரை மாற்றும் சிறு கருவியைப் பொக்ஸிலிருந்து பிரித்து வைக்கக்கூடிய இணைப்பாக இருந்தால், அதை அலுமாரிக்குள் விட்டு, ஒரு பிறிஸ் வழியாக ஹோலில் உள்ள பொக்ஸுக்கு இணையத்தைக் கொண்டுவரலாம். மற்றப் பிறிஸ் வழியாக அதை அலுமாரிக்குத் திருப்பி அனுப்பி, அங்கே 'சுவிட்ச்' என்னும் சிறு பங்கிடும் கருவி வைத்து எல்லா அறைகளுக்கும் கொடுக்கலாம். ஆகவே அலுமாரிக்குள் மின்சாரப் பிறிசும், கருவிகள் சூடாகாமல் காற்றோட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொண்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கட்டி முடியாத வீட்டைப் பிளானில் பார்த்து வாங்குபவர்கள் இருக்கிறீர்கள். முன்பதிவு ஒப்பந்தம் கையில் கிடைத்தபின் மனம் மாறுவதற்குச் சட்டம் 10 நாட்கள் தருகிறது. அந்த நாட்களில் மின் பிளானைக் கேட்டு வாங்குங்கள். மேசையில் விரித்து, கட்டில் எங்கே, படிக்கும் மேசை எங்கே, ரி.வி எங்கே என்று பிள்ளைகளையும் இருத்திப் பென்சிலால் குறியுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் கட்டுநரிடம் எழுத்தில் கேளுங்கள், விலையையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்குக் கடைசித் திகதி உண்டு, சுவர் எழும்பியபின் கேட்டுப் பயனில்லை. அந்தச் செலவை வங்கிக் கடனுக்குள் சேர்க்க வேண்டுமானால் கடன் கேட்கும்போதே சொல்ல வேண்டும்.

பணம் கட்டுவதிலும் சட்டம் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அத்திவாரம் முடியும்வரை மொத்தமாக 35 வீதம், கூரை போட்டு மழை புகாத நிலைவரை 70, கட்டி முடியும்வரை 95. மிச்ச 5 வீதம் திறப்புக் கையில் வரும்போது. ஒப்பந்தப்படி வேலை இல்லையென்றால் அந்த 5 வீதத்தைக் கட்டுநரிடம் கொடுக்காமல் மூன்றாம் தரப்பிடம் வைப்பில் இடலாம். ஆகவே திறப்பு வாங்கும் நாளில் ஒரு மடிக்கணினியும் கேபிளும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பிறிசுக்கும் அலுமாரியில் இலக்கம் ஒட்டியிருக்கிறதா, சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கொன்சுவெல் சான்றிதழ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது மின்சாரப் பாதுகாப்புக்கானது. கண்ணுக்குத் தெரியும் குறைகளை அன்று எழுதத் தவறினாலும் ஒரு மாதத்துக்குள் பதிவுத் தபாலில் அறிவிக்கலாம்.

பழைய வீடு வாங்குபவர்கள் வர்ணம் பூசவும் தரை மாற்றவும் முன்னால் இந்த வேலையை முடியுங்கள். கேபிளுக்குக் காசு போதாவிட்டால் வெறும் குழாயையும் அதற்குள் ஓர் இழுகயிற்றையும் விட்டு வையுங்கள். பிறகு சுவரைத் தொடாமல் கேபிளை இழுக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் உரிமை உண்டு. அன்ரனா பூட்டும் உரிமையைத் தந்த 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2008இல் ஃபைபரும் சேர்க்கப்பட்டது. செலவை ஏற்க நீங்கள் தயாராக இருந்தால், தகுந்த காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. முதலில் பதிவுத் தபாலில் அறிவியுங்கள். பழைய செப்புக் கம்பி வலையமைப்பை 2030க்குள் மூடிவிடுவதென்று ஒறேஞ்ச் நிறுவனம் திட்டம் வகுத்திருப்பதால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது.

வீடு பார்க்கப் போகும்போது மாபிளையும் குசினியையும் பார்க்கிறோம். கடைசிப் பிள்ளையின் அறைக்கும் ஒருதரம் போய், சுவரின் அடியில் அந்தச் சிறிய பிறிஸ் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.