கைமாறி வந்த மட்டை

(அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிக் குழுக்களின் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட மாதக் கூட்டத்தில், கூட்டமைப்பு நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் நிலுவை எல்லாம் படிச்சு முடிச்சாச்சு. இன்னைக்கு நாங்கள் பேசப்போவது ஒரு ஹாக்கி வீரரைப் பற்றி. "குழுக் கூட்டத்துல ஹாக்கி எதுக்கு"ன்னு பின்னாடி முணுமுணுக்கிறது கேக்குது. காரணத்தை முதலிலேயே சொல்லிடுறோம்.

சில மாதம் முன்னாடி நம்ம குழு ஒன்றில் ஒரு அக்கா உள்கடன் கேட்டாங்க. ஐயாயிரம் ரூபாய். மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளிக்கூட ஹாக்கி டீமில் இருக்கிறாள். ஸ்டிக் வாங்கணும், ஷூ வாங்கணும், எழும்பூர் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போய்வரச் செலவு வேணும். "கட்டைக்குக் கடனா?" என்று ஒருத்தர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். படிப்பு, வைத்தியம், தொழில், இதுக்குத்தான் கடன் என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தோம். தீர்மான நோட்டில் 'அவசியமற்ற செலவு' என்று எழுதினோம். அடுத்த மனு ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, பதினைந்தாயிரம். அதை ஐந்து நிமிஷத்தில் பாஸ் பண்ணினோம். இரண்டு பக்கத்திலும் எங்கள் கையெழுத்து இருக்கிறது. போன வாரம் நோட்டைப் புரட்டும்போது பக்கத்துப் பக்கமா அதைப் பார்த்துட்டு எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனாலதான் இந்தப் பேச்சு.

புனே நகரத்தை ஒட்டி கட்கி என்று ஓர் ஊர். அங்கே ராணுவத்துக்கு வெடிமருந்து செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. தொழிற்சாலையைச் சுற்றி ஊழியர் குடியிருப்பு. நம்ம ஆவடியில் டாங்கி ஃபாக்டரி கோட்டர்ஸ் பார்த்திருக்கீங்கல்ல, அந்த மாதிரின்னு வச்சுக்குங்க. அங்கே மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர் நாகலிங்கம் பிள்ளை. மனைவி ஆண்டாளம்மா. தமிழ்க் குடும்பம். மகன்கள் மட்டும் ஐந்து பேர். மைதானக்காரர் சம்பளத்தில் அத்தனை வயிறு. அந்த வீட்டில் 1968 ஜூலை 16 அன்று பிறந்த பையனுக்கு தன்ராஜ் என்று பெயர் வைத்தார்கள். தனத்துக்கு ராஜா! கையில் இல்லாததைப் பெயரிலாவது வைப்போம் என்று நாமும் லட்சுமி, தனலட்சுமி என்று வைக்கிறோமே, அதே ஆசைதான்.

அண்ணன்மார் ஹாக்கி ஆடினார்கள். தன்ராஜுக்கும் ஆசை. ஆனால் ஸ்டிக் வாங்க வீட்டில் காசு கிடையாது. சிநேகிதர்கள் ஆடி முடிக்கிறவரைக்கும் ஓரமாக நின்று, அவர்கள் கொடுத்தால் இரவல் வாங்கி ஆடுவாராம். உடைந்த ஸ்டிக், மற்றவர்கள் தூக்கிப் போட்ட பந்து, புழுதித் தரை. அந்தக் காலத்தில் பெரிய பெயர் எடுத்த முகமது ஷாகித் மாதிரி ஓடணும், அவர் மாதிரி பந்தை உருட்டணும் என்பதுதான் கனவு. பெரிய அண்ணனுக்கு இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தபோது, அவர் தன் பழைய ஸ்டிக்கைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் தன்ராஜின் முதல் சொந்த ஸ்டிக். புதுசு இல்லை, ஆனாலும் தன்னுடையது என்பதால் அதற்கு விலையே கிடையாது என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தப் பேட்டியை மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவே வைத்தார்கள்.

படிப்பு அவருக்கு ஏறவில்லை. பத்தாவது வரைக்கும் வந்ததே பெரிசு, ஹாக்கி இல்லையென்றால் ஒரு பியூன் வேலைகூடக் கிடைத்திருக்காது என்று அவரே ஒளிக்காமல் சொன்னவர். இதைச் சொன்னதும் "அப்ப பிள்ளைங்க படிக்கவேணாமா"ன்னு கேக்காதீங்க. படிக்கணும். ஸ்டிக்கைக் கேட்டு வந்த பொண்ணு படிப்பையும் விடலை, அவள் அம்மாவும் விடச் சொல்லலை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுத்தது நாம்தான்.

1985-ல் மணிப்பூரில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் ஆடினார். ஒல்லியான சின்ன உருவம், ஆனால் எதிராளியிடம் மோதத் தயங்காத ஆள். அடுத்து பம்பாய். அண்ணன் ரமேஷ் அங்கே லீக் ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார். பெட்டி படுக்கையோடு தம்பியும் போய்ச் சேர்ந்தார். பிறகு மகிந்திரா கம்பெனி டீமில் இடம் கிடைத்தது. அங்கே ஜோக்கிம் கார்வாலோ பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்தில் ஹாக்கிக்காரருக்குச் சோறு போட்டது இந்தக் கம்பெனி டீம்கள்தான். கிரிக்கெட் மாதிரி கோடியில் ஏலம் எடுக்கிற கதையெல்லாம் கிடையாது.

1988 ஒலிம்பிக்குக்கான முகாமில் தன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. செயற்கைப் புல் போட்ட மைதானத்தையே அந்த வருஷம்தான், டெல்லிக்குப் போனபோது, முதல்முதலாகப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் எல்லாம் அதில் ஆடிப் பழகிவிட்டிருந்தார்கள். இவர் அதுவரைக்கும் மண்ணில் ஓடியவர். மறு வருஷம், 1989-ல், டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கினார். அதிலிருந்து 2004 ஆகஸ்டு வரைக்கும் 339 சர்வதேச ஆட்டங்கள். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை, நாலு சாம்பியன்ஸ் டிராபி, நாலு ஆசிய விளையாட்டு. 1996-ல் நம்ம எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியிலும் ஆடினார். நாங்கள் மேலே சொன்ன பொண்ணு பயிற்சிக்குப் போகணும்னு கேட்ட அதே மைதானம்.

பேர் வந்தது. பணம் வந்ததா? அதுதான் நாம கவனிக்கவேண்டிய இடம். நாடே அறிந்த பிறகும் அவர் பம்பாயில் எலெக்ட்ரிக் ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டுதான் போய்வந்தார். ஒருநாள் ஸ்டேஷனில் யாரோ போட்டோ எடுத்து, 'ஹாக்கி நட்சத்திரம் இன்னும் லோக்கல் ரயிலில்' என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் தன் முகம் ஊருக்குத் தெரிந்த முகம் என்பதே அவருக்கு உறைத்ததாம். முதல் காரும் கம்பெனி கொடுத்த பழைய கார்தான். சம்பாத்தியம் எங்கே போச்சு? குடும்பச் செலவு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து சகோதரிக்குக் கல்யாணம், மாசாமாசம் அம்மாவுக்குப் பணம். 1994-ல்தான் புனேயில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கினார். நம்ம குழுவில் எத்தனை பேர் வீட்டுக் கணக்கு நோட்டு இப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தியாவில் அப்போது காசு கொடுத்து ஆட வைக்கும் லீக் இல்லாததால் வெளியே போனார். லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட், மலேசியா, டாக்காவில் அபஹானி என்று ஊர் ஊராக ஆடிச் சம்பாதித்தார். சீசனுக்குத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரி, இவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவோடு சமநிலை, பெனால்டியில் வெற்றி. 1966-க்குப் பிறகு, 32 வருஷம் கழித்துத் தங்கம். மாலை மரியாதை எல்லாம் நடந்தது. கொஞ்ச நாளில் தன்ராஜையும் இன்னும் சில மூத்த வீரர்களையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 'ஓய்வு' என்று காரணம் சொன்னார்கள். ஆட்டத்துக்குரிய பணத்தைக் கேட்டதுதான் உண்மையான காரணம் என்று அப்போது பலரும் பேசினார்கள். வேலை செய்தவன் கூலி கேட்டால் கோபம் வருவது கம்பெனி வாசலில் மட்டும் இல்லை போலிருக்கு.

அப்புறம் திரும்பச் சேர்த்தார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தோடு ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். முடிய ஓரிரு நிமிஷம் இருக்கும்போது போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது. போச்சு. நாலு ஒலிம்பிக் ஆடியும் ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட அவர் கழுத்தில் ஏறவில்லை. கேல் ரத்னா வந்தது, பத்மஸ்ரீ வந்தது, 2003-ல் அவர் தலைமையில் ஆசியக் கோப்பையும் வந்தது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. அவருடைய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வந்தபோது, அதற்கு வைத்த தலைப்புக்கு அர்த்தம் 'என்னை மன்னிச்சிடு அம்மா'.

அந்தத் தலைப்பைப் பற்றி நாங்கள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எந்த அம்மா கிட்ட மன்னிப்பு? ஐந்து மகன்களையும் பட்டினி போடாமல் வளர்த்து, விளையாடப் போகாதே என்று தடுக்காமல் அனுப்பி வைத்த ஆண்டாளம்மாவிடம். தலைக்கனம் கூடாது என்று கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மாதான். எந்தத் தேசத்தில் இருந்தாலும் ராத்திரி அம்மாவோடு பேசாமல் தூங்கமாட்டேன் என்று மகன் சொல்லியிருக்கிறார். உண்மையில் அந்த அம்மாவுக்கு யார் கடன்பட்டவங்க? அவங்க பேர்ல ஒரு தெருகூட இருக்கிற மாதிரி தெரியலை.

இன்னொரு கேள்வியும் வந்தது. ஐந்தும் பையன்கள், மட்டை கையில் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன வந்தது? கல்யாணம் வந்தது. தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நம்ம நோட்டிலும் அதே கணக்குதானே இருக்கிறது. ஸ்டிக்குக்கு இல்லை, சீர்வரிசைக்கு உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஐயாயிரம் கொடுத்தால் அந்தப் பொண்ணு இந்திய அணிக்குப் போய்விடுவாள் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். ஒரு வீட்டில் அத்தனை பேர் ஆடியும் நாடு முழுக்கத் தெரிந்த பெயர் ஒன்றுதான். ஆனால் மாநில அளவில் ஆடினால்கூட வாசல் திறக்கும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் அங்கேயே, படிப்பும் நிற்காது. ரயில்வேயிலும் போலீஸிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள். இதெல்லாம் கிடைக்காமலும் போகலாம். தையல் மிஷினுக்குக் கொடுத்த கடன் எல்லாமா பலிச்சிருக்கு? தவணை வரலைன்னா வீட்டுக்குப் போய்ப் பேசுறோம், அடுத்த மாதம் வாங்குறோம்.

அந்த அக்கா இன்னைக்கும் வந்திருக்காங்க. பேரைச் சொல்லவில்லை, கூச்சப்படுவாங்க. குழுவின் ஊக்குநர் பழைய மனுவைத் தேடி எடுத்து எங்களிடம் கொடுத்திருக்கிறார். மடிச்ச மடிப்பு அப்படியே இருக்கு. பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் எழுதிய கடிதமும் அதில் பின் பண்ணியிருக்கு. அன்னைக்கு நாங்க அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. டீ வந்துடுச்சு, குடிச்சிட்டு வாங்க. முதல்ல அதைப் படிக்கலாம்.