ஆடு வாங்கின கடன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க குழுவின் தீர்மான நோட்டில் என் பேருக்கு நேரா 'ஆடு வாங்க, ரூ.20,000' என்று ஒரு உள்கடன் இருக்கு. நான் ஆடு வாங்கவில்லை. வீட்டுக்காரரைக் குடி மறக்க ஒரு மையத்தில் சேர்க்கத்தான் அந்தப் பணம் போச்சு. ஊக்குநர் அக்கா பார்க்க வந்தப்ப பக்கத்து வீட்டு ஆட்டைக் காட்டினேன். அக்கா, மன்னிச்சுக்குங்க.

ஒரு மாசம் மையத்தில் இருந்தார். நல்லாத்தான் வந்தார். ஆனா அதே தெரு, அதே கூட்டாளிகள், அதே சம்பள நாள். ஐம்பது நாள்கூடத் தாங்கல. வைத்தியம் உடம்பில் இருக்கிற சாராயத்தை எடுத்துடும். அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வர்ற நினைப்பை யார் எடுப்பாங்க? அதுக்கு ஆள் வேணும், குழு வேணும். இது அப்ப எனக்குத் தெரியல.

அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு நர்ஸ் ஒருத்தங்கதான் 'ஏ.ஏ. கூட்டத்துக்கு அனுப்பிப் பாரும்மா' என்று சொன்னாங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று முழுப்பேர். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியை விட முடியாமல் தவிச்ச ரெண்டு பேர், ஒருத்தர் பங்குச்சந்தைக்காரர், ஒருத்தர் டாக்டர், உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினதில் ஆரம்பிச்சது. இன்னைக்கு நம்ம ஊர்ப்பக்கமும் நடக்குது.

அது ஏறக்குறைய நம்ம குழுக் கூட்டம் மாதிரிதான். வாரம் ஒரு நாள் கூடுவாங்க. ஒவ்வொருத்தரும் தன் கதையைச் சொல்லுவாங்க. கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டவங்க செலவுக்குக் கொஞ்சம் போடலாம். எந்த மதம், எந்தக் கட்சி என்று கேட்க மாட்டாங்க. குடியை விடணும்ங்கிற ஆசை இருந்தா போதும். அங்கே பேசினது வெளியே போகாது. அதனாலதான் அவர்கிட்ட கேட்டுட்டு, இந்த மலரில் எங்க பேரைப் போட வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.

முதல் நாள் போயிட்டு வந்து, 'எல்லாரும் கதை விடறானுங்க' என்றார். அடுத்த வாரம் அங்கிருந்து ஒருத்தர் போன் பண்ணிக் கூப்பிட்டார். மூணாவது வாரம் இவரே சட்டையை மாட்டிட்டுக் கிளம்பினார். இப்ப ரெண்டு வருஷம் நாலு மாசம். நடுவில் ஒரு தடவை தவறினார். மறுநாளே கூட்டத்துக்குப் போய் அதையும் சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்க. போதை மறுவாழ்வுக்கான இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. 'பக்கத்தில் கூட்டம் எந்த நாள், எத்தனை மணி, தமிழில் நடக்குதா, குடும்பத்தார் வரலாமா' என்று கேட்டுக் குறிச்சுக்குங்க. ஒரு இடம் பிடிக்கலைன்னா இன்னொரு இடம் பாருங்க. பக்கத்தில் இல்லைன்னா போனிலேயே சேர்ந்துக்கிற கூட்டங்களும் உண்டு.

ரெண்டு எச்சரிக்கை. பல வருஷமா தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துட்டுத்தான் நிறுத்தணும். இன்னொண்ணு, சோத்தில் தெரியாம கலக்கிற பொடி, மாத்திரை. நானும் வாங்கிக் கலந்தவதான். அதில் சில மருந்து உள்ளே இருக்கும்போது குடிச்சா ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகலாம். அவருக்குத் தெரியாம எதையும் கொடுக்காதீங்க.

இப்ப நமக்கு வருவோம். அவர் வரமாட்டேன்னு சொன்னா நாம சும்மா இருக்கணுமா? குடும்பத்தாருக்குன்னே அல்-அனான் என்று தனிக்குழு இருக்கு. ஏ.ஏ.வை ஆரம்பிச்சவரில் ஒருத்தரோட மனைவி லோயிஸ், இன்னொரு பெண்ணோட சேர்ந்து 1951-ல் தொடங்கினது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மாவும், குடிநோயில் கணவரை இழந்த பிறகு, 1980-ல் சிகிச்சை மையம் தொடங்கினாங்க. பொம்பளைங்க கையால்தான் இந்த வேலை நடந்திருக்கு. அவர் குடிக்கிறதுக்கு நான் காரணமில்லை என்று நாலு பேர் நடுவில் சொன்ன அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அடி, உதை என்றால் பொறுத்துக்காதீங்க, 181-க்குக் கூப்பிடுங்க.

கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை. கூட்டம் நடக்கிற இடம், நாள், இந்த எண்கள் எல்லாத்தையும் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பு அலுவலகத்திலும் எழுதி ஒட்டுங்க. அப்புறம், கடன் காரணத்தில் 'குடிநோய் சிகிச்சை' என்று எழுத இடம் கொடுங்க. இனி யாரும் இல்லாத ஆட்டைக் காட்ட வேண்டாம்.

என் கடன் போன தை மாசமே கட்டி முடிச்சாச்சு.