கஜாவும் எங்கள் தெரு அடிபம்பும்

(பேரிடரும் சாதியும் குறித்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பேரிடரில் பூக்கும் மனிதம்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தலைப்பில் பேச என்னிடம் இரண்டு நிமிடச் சரக்குகூட இல்லை. அதனால் எங்கள் தெரு அடிபம்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்குகிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் இருக்கிறது. 'எங்கள் ஊர்' என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அது ஊர், நாங்கள் காலனி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நான் சென்னையில் விடுதியில் இருந்தேன். வீட்டுக்குப் போன் போகவில்லை. மறுநாள் கிளம்பி, பஸ் போன தூரம் வரை போய், மிச்சத்தை நடந்தேன். வழி முழுக்கத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. காலனியில் நாலைந்து தொகுப்பு வீடுகளைத் தவிர ஒரு கூரையும் இல்லை. சனம் மொத்தமும் இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

நிவாரண வண்டிகள் வந்தன. மெயின் ரோட்டில் ஊர் முகப்போடு நின்று, கொட்டிவிட்டுத் திரும்பின. கொண்டு வந்த பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. தூக்கமில்லாமல் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தவர்கள். உள்ளே ஒரு காலனி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். இது புதிதும் இல்லை. 2004 சுனாமியின்போது இதே நாகை மாவட்டத்து முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், குடிநீர்த் தொட்டியைத் தொட விடாமல் தடுக்கப்பட்டதும் அப்போதே பதிவானவை.

அரசு விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என அறிவித்தது. அந்தப் பணமே போதாது என்று விவசாயிகள் போராடினார்கள், நியாயம்தான். ஆனால் அது மரத்துக்குச் சொந்தக்காரரின் கணக்கு. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவருக்கு என்ன? மட்டையை ஊறப் போட்டுக் கீற்று முடைந்து விற்ற என் அம்மாவுக்கு என்ன? புதுக் கன்று காய்க்க ஐந்து வருடமாவது ஆகும். அத்தனை வருடக் கூலி எந்தப் படிவத்திலும் இல்லை. என் முனைவர் பட்ட ஆய்வு அந்தக் காலிக் கட்டத்திலிருந்துதான் தொடங்கியது.

சரி, அடிபம்புக்கு வருகிறேன்.

மின்கம்பங்கள் அத்தனையும் விழுந்துவிட்டதால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு போர் போட்ட பிறகு பழைய அடிபம்புகளைப் பிடுங்கிவிட்டார்கள். எங்களுக்குப் போர் போட வசதியில்லை. அதனால் எங்கள் பம்பு உயிரோடு இருந்தது. கைப்பிடி ஆடும், நாலு அடி வெறுமனே அடித்தால்தான் தண்ணீர் வரும். சுற்றுவட்டாரத்தில் குடிக்கிற தண்ணீர் அங்கே மட்டும்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு தெருமுனையில் வந்து நின்றார்கள். உள்ளே வரவில்லை. "கொஞ்சம் அடிச்சு ஊத்தி விடுங்களேன்" என்று ஒரு குரல் வந்தது. எங்கள் பையன்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. எனக்கும் அதே கோபம்தான். அப்பாயி எழுந்து வந்தார். அவருக்கு அம்பேத்கரின் படம் தெரியும், மகத் தெரியாது. 1927இல் சவுதார் குளத்துக்கு எத்தனை பேர் எதற்காக நடந்தார்கள் என்பதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி இல்லன்னு சொல்லக் கூடாது. ஆனா நாம அடிச்சு ஊத்த மாட்டோம். வந்து வரிசையில நிக்கட்டும், அவுங்களே அடிச்சுக்கட்டும்."

அரை மணி நேரம் யாரும் அசையவில்லை. பிறகு கைக்குழந்தைக்காரி ஒருத்தி உள்ளே வந்து என் அம்மாவுக்குப் பின்னால் குடத்தை வைத்தாள். மதியத்துக்குள் வரிசை பள்ளிக்கூடம் வரை நீண்டது.

அதே பள்ளிக்கூட வாசலில்தான் எங்கள் பெண்கள் பொது அடுப்பு மூட்டியிருந்தார்கள். நனைந்த ரேஷன் அரிசி, விழுந்து கிடந்த தேங்காய், விறகுக்கு ஒடிந்த கூரைக் கழி. யார் வீட்டு அரிசி எவ்வளவு என்று ஒரு சிலேட்டில் எழுதி வைத்தார்கள். பிற்பாடு அந்தச் சிலேட்டை வைத்துத்தான் நிவாரணம் விடுபட்டவர்கள் பட்டியலைத் தயாரித்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். கைக்குழந்தைக்காரி மட்டும் எங்கள் அடுப்பில் சாப்பிட்டாள். மற்றவர்கள் தண்ணீரோடு நின்றுகொண்டார்கள். அந்த வரிசையில்தான் ஒருநாள் ஊரம்மா ஒருவர், அம்மாவை எப்போதும் "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறவர், "அக்கா, அந்தக் கொடத்தக் கொஞ்சம் நகத்துங்க" என்றார். அம்மா அதை ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்று வாரம் கழித்து கரண்ட் வந்தது. வரிசை அன்றைக்கே கலைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, இதே கஜா புரட்டிப்போட்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். புயல் மனிதர்களை மாற்றிவிட்டது என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு அந்தத் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாயி போட்ட நிபந்தனை மேல் இருக்கிறது, அந்தச் சிலேட்டின் மேல் இருக்கிறது. எங்கள் தெருவுக்கென்று தனியாக ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடம் கேட்டு அன்று போட்ட மனுவை, பெண்கள் வருடந்தோறும் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த ஊரம்மா அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தார். 'அக்கா'வும் சொல்லவில்லை, 'ஏ புள்ள'யும் சொல்லவில்லை. எந்தப் பெயரும் சொல்லாமலே பேசிவிட்டுப் போனார். அம்மா வீட்டுக்கு வந்து பம்புக்கு வாஷர் மாற்ற ஆள் கூப்பிடச் சொன்னார்.