எண்ணியவரும் இயற்றியவரும்

கூடித் தொழில் செய்வதைப் பற்றிப் பேசப் பழங்கதைகளைத் தேட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரெஜி பிரௌன் என்னும் மாணவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அனுப்பிய படம், பார்த்த சில நொடிகளில் மறைந்துவிட வேண்டும் என்பதே அது. அதைத் தம் தோழர் எவன் ஸ்பீகலிடம் கூறினார். நிரல் எழுத ஒருவர் வேண்டுமே! முந்திய ஆண்டே பட்டம் பெற்றிருந்த பாபி மர்ஃபி வந்து சேர்ந்தார். ஜூலையில் 'பிக்காபூ' என்ற பெயரில் செயலி வெளிவந்தது. கோடை முடியுமுன் பிணக்கு மூண்டது, பிரௌன் விலக்கப்பட்டார். செயலியின் பெயரும் 'ஸ்னாப்சாட்' என மாறிற்று.

எண்ணம் பெரிதா, உழைப்புப் பெரிதா? நான் உழைப்பின் பக்கம் சாய்பவன். நொடியில் தோன்றிய நினைவை இயங்கும் பொருளாக்கியவருக்கே பெரும்பங்கு என்பேன். ஆயினும் பெரும்பங்கு வேறு, முழுப்பங்கு வேறு அன்றோ?

உங்களில் சிலரும் விடுதி அறையில் இவ்வாறு கூடக்கூடும். முதல் வாரத்திலேயே யார் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். நண்பனிடம் கணக்குப் பேசுவதா என்று நம்மவர் கூசுவர். அக்கூச்சத்தை நான் அறிவேன்; எனினும் எழுதத்தான் வேண்டும்.

பிரௌன் 2013-இல் வழக்குத் தொடுத்தார். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது. மறையும் படம் என்னும் எண்ணம் முதலில் அவருக்கே தோன்றியது என நிறுவனம் ஒப்புக்கொண்டது. கொடுத்த தொகை 2017-இல்தான் வெளியாயிற்று: 15 கோடியே 75 லட்சம் டாலர்.