டாரிட்: நம்ம ஊரை வறுத்த ஒரு சொல்

கிரிக்கெட் கமென்ட்ரியில் கேட்டிருப்பீங்க. பந்து முகத்துக்கு நேரா எகிறும், பேட்ஸ்மேன் திணறுவார், உடனே 'டாரிட் டைம்' என்பார்கள். அந்த டாரிட்தான் இன்னைக்கு நம்ம சொல்.

இதன் அடிப்படை அர்த்தம், கடும் வெயிலில் காய்ந்து கருகிய. நிலத்துக்கும் சொல்வார்கள், வெயிலுக்கும் சொல்வார்கள். அப்புறம் கொழுந்துவிட்டு எரியும் காதலுக்கும் போச்சு. வேர் லத்தீனில் இருக்கு. 'டாரெரே' என்றால் வறுப்பது, காய வைப்பது. காலையில் சாப்பிடுற டோஸ்ட் அதே வேரிலிருந்து வந்ததுதான். டவுன்லோட் பண்ற டாரன்ட்டும்தான்: முதலில் அது, கொதிக்கிற மாதிரி பொங்கி ஓடும் வெள்ளம்.

ஆனா இந்தச் சொல்லில் நாமும் மாட்டியிருக்கோம். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே இருக்கிற பூமிக்கு 'டாரிட் ஜோன்' என்று பேர். வறுபட்ட மண்டலம்! அங்கே வெயிலில் மனுஷன் வாழவே முடியாது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதினார். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். அந்த மண்டலத்துக்குள்ளேயே!

இன்னொரு வேடிக்கை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமின் பிளினி 'இயற்கை வரலாறு' எழுதினார். இரண்டாம் பகுதியில், பூமியின் நடுப்பகுதி சூரியத் தீயில் வறுபடுது, தாண்டிப் போக முடியாது என்கிறார். அதே நூலின் ஆறாம் பகுதியில் முசிறிக்குக் கப்பல் போகும் வழி, மிளகு ஏத்திவரும் ஓடங்கள், மதுரையில் இருக்கும் பாண்டியன் எல்லாம் வருது. முசிறியும் மதுரையும் 10 டிகிரி பக்கம்தான்! மிளகு வந்துச்சு, காசு போச்சு, ஆனா அந்த வரி மட்டும் மாறலை.

1590இல் வெளியான புத்தகத்தில் ஸ்பெயின் பாதிரியார் ஜோசே டி அகோஸ்டா தன் அனுபவத்தைச் சொன்னார். பூமத்திய ரேகையைக் கடக்கும்போது கருகிடுவோம்னு பயந்தவருக்குக் குளிரெடுத்திருக்கு. வெயிலில் போய் நின்றாராம். அரிஸ்டாட்டிலை நினைச்சுச் சிரிச்சாராம்.

எனக்கு இதில் பிடிச்சது என்னன்னா, சென்னையில் மே மாசம் நம்மைப் படுத்துறது வெயில் மட்டும் இல்லை, புழுக்கமும்தான். நெல்லை அவிச்சா புழுங்கல் அரிசி, அதே புழுங்குறதுதான். தூரத்திலிருந்து பார்த்தவங்க வறுவல்னு எழுதினாங்க. உள்ளே இருக்கிற நமக்குத்தான் தெரியும், இது அவியல்.

தண்ணி நிறைய குடிங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.