இரட்டைப் பட்டக் கல்வியும் நம் சங்கமும்

(கள்ளக்குறிச்சிச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரே காலத்தில் இரு பட்டங்களுக்குப் படித்தலாகாது என்பது நம் நாட்டில் நெடுநாள் விதியாயிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2022 ஏப்ரலில் அதனைத் தளர்த்தினர். இரண்டையும் நேரிற் பயில்வோர்க்கு வகுப்பு வேளைகள் மோதலாகாது. அன்றி, ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலைக் கல்வியாகவும் கற்கலாம். பின்னதே நம்மவர்க்கு ஏற்றது. கல்வராயன் மலையினின்று இறங்கும் மாணாக்கன் ஒரு கல்லூரிக்குப் பேருந்தேறுவதே பெரும்பாடு; இரண்டாவதற்கு எங்ஙனம் ஓடுவான்?

மேனாட்டில் இது புதிதன்று. ஜெர்மனி தேசத்து ராய்ட்லிங்கன் நகரில் 1979-இல் தோன்றிய வணிகக் கல்லூரியில் மாணாக்கர் ஈராண்டு அங்கும், ஈராண்டு அயல்நாட்டுக் கல்லூரியிலும் பயின்று இருநாட்டுப் பட்டமும் பெறுகின்றனர். குழுவாகச் செல்லுதலால் அயல்மொழிப் பாடத்தின் அச்சம் பாதி நீங்குகின்றது. நம் முன்னோரும் இதனை அறிந்தவரே. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியிற் கண்ட 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைக் கூறுகின்றது. அவர் தனியாளாய்க் கடல் கடந்தாரல்லர்.

நிற்க. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மகிழ்ச்சியே, ஆயினும் உளி பிடிக்குங் கை ஏற்றுமதிக் கணக்கும் எழுதக் கற்றாலன்றி, ஆதாயம் இடைத்தரகர் மடியிலேயே விழும். ஆதலின், பகலில் கல்லூரியில் ஒரு பட்டமும், 2002 முதல் இயங்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றதொன்றில் வணிக நிருவாகமும் பயிலுதல் நன்று என்பது எம் கருத்து. ஒரே பாடத்தில் இரு பட்டம் வாங்குதல் சுவரில் மாட்டுதற்கன்றி வேறெதற்கும் உதவாது. படிப்பிற்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாராமல் எவரும் பணங் கட்டற்க.

இருமடங்குக் கட்டணத்தினும் கொடியது தனிமை. தொலைநிலைப் பாடப் புத்தகங்களைக் கட்டவிழ்க்காமலே வைத்திருக்கும் பிள்ளைகளை யாம் கண்டிருக்கின்றோம். ஐயங் கேட்க அருகில் ஆளில்லை. வீட்டிலோ ஒரே அறை. உதவித்தொகை ஒன்றே போதும் என்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

சங்கத்துக் கூடம் திருமண நாட்களன்றி மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றது. மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை அதனைப் படிப்போர்க்குத் திறந்துவிடுதல் வேண்டும். நம் பெண்மக்களுக்கும் அங்கே இடம் வேண்டும். மலையாளி வகுப்புப் பிள்ளைகள் வரினும், நம்மவர் அல்லர் என்று வாயிலில் நிறுத்தலாகாது. இவ்விறுதிப் பகுதியைச் சிலர் விரும்பார் என்பதை அறிவோம். அறிந்தே இதனைத் தீர்மானமாக இன்று அவைமுன் வைக்கின்றோம்.